மார்க் ட்வெயின் உணர்த்திய மனச்சான்று

அமெரிக்க நாவலாசிரியர் மார்க் ட்வெயினை நகைச்சுவை எழுத்தாளர் என்றே பலரும் அறிவர். அந்நகைச்சுவையினுள் உறைந்து கிடக்கும் அறநெறியை நம் இளைஞர்கள் உணர வேண்டுமென விரும்புகிறோம்.

சாமுவேல் கிளெமென்ஸ் என்பது அவரது இயற்பெயர். 1835 நவம்பர் 30ஆம் நாள் மிசௌரி மாநிலத்தில் பிறந்த அவர், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள ஹானிபல் என்னும் ஊரில் வளர்ந்தார். அக்காலத்தில் கறுப்பின மக்களை அடிமைகளாக விற்பதும் வாங்குவதும் அங்கே சட்டப்படி நடந்தன. அவருடைய தந்தையாரும் அடிமைகளை வைத்திருந்தவரே. சமயப் போதகர்களும் அதனை இறைவனுக்கு உகந்ததெனப் போதித்தனர். ஆகவே அச்சிறுவருக்கும் அது தீமையாகத் தோன்றவில்லை.

11 வயதில் தந்தையை இழந்த அவர், அச்சகத் தொழில் பயின்றார். 1859இல் நீராவிப் படகு செலுத்தும் உரிமம் பெற்றார். ஆற்றின் ஆழம் இரண்டு பாகம், அதாவது 12 அடி, என்று படகோட்டிகள் அறிவிக்கும் சொல்லே பின்னர் அவரது புனைபெயராயிற்று.

அவரது 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவல் 1885இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஹக் என்னும் சிறுவன் தப்பியோடும் அடிமையான ஜிம்முடன் தெப்பத்தில் செல்கிறான். ஜிம்மைக் காட்டிக் கொடாதிருப்பது பாவமென்று அவன் மனச்சான்று உறுத்துகிறது. ஜிம்மின் உடைமையாளருக்குக் கடிதமும் எழுதிவிடுகிறான். ஆனால் ஜிம் தன்மீது பொழிந்த அன்பை எண்ணியதும், நரகத்திற்கும் துணிந்து அக்கடிதத்தைக் கிழித்தெறிகிறான்.

இதனால் நாம் அறிவது யாது? சமுதாயம் புகட்டியதையே மனச்சான்று பல நேரங்களில் திருப்பிச் சொல்லும். சமுதாயம் கோணினால் அதுவும் கோணும். அதனை மனித நேயம் என்னும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

1896இல் ட்வெயின் பம்பாய்க்கு வந்தார். விடுதியொன்றில் ஐரோப்பியர் ஒருவர் பணியாளை அறைய, அவர் வாய்திறவாது பணிந்து நின்றதைக் கண்டார். தம் தந்தையார் அடிமைச் சிறுவனை அடித்த காட்சி அவர் உள்ளத்தில் மீண்டும் எழுந்தது. அதனை 1897இல் வெளியான பயண நூலில் மறைக்காது எழுதினார்.

அவர் எழுத்தோடு நின்றாரல்லர். யேல் சட்டக் கல்லூரியில் பயின்ற வார்னர் மெக்கின் என்னும் கறுப்பின மாணவருக்கு 1885 முதல் பொருளுதவி செய்தார். அதனை அவர் ஈகை எனக் கருதவில்லை. தம் இனத்தார் இழைத்த கொடுமைக்குத் தீர்க்க வேண்டிய கடனாகவே கருதினார். வழக்கறிஞரான மெக்கின், பிற்காலத்தில் துர்குட் மார்ஷல் என்னும் இளைஞருக்கு வழிகாட்டினார். அம்மார்ஷலே 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார். 1910 ஏப்ரல் 21ஆம் நாள் மறைந்த ட்வெயின் இதனைக் காணவில்லை.

உதவித்தொகைப் படிவத்துடன் தலைகுனிந்து நிற்கும் மாணவர்களைப் பள்ளியில் நாம் கண்டு வருந்தியதுண்டு. இளைஞர்களே, தலை நிமிருங்கள்! நீங்கள் பெறுவது பிச்சையன்று. நெடுங்காலம் மறுக்கப்பட்ட உரிமை. மெக்கினைப் போல், பெற்றதை அடுத்தவருக்கு வழங்குவதே உங்கள் கடன்.