பெயரிலே ஊரைச் சுமந்தவர்

ஒருசாலை மாணாக்கர் மீண்டும் கூடினால் ஊரையும் பள்ளியையும் பேசி மகிழ்ந்து கலைவர். அந்நினைவைக் கடனாகவே கருதி எழுத்தில் தீர்த்தவர் சி. சு. செல்லப்பா.

முல்லைப் பெரியாறு வளப்படுத்தும் கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூரில் 1912 செப்டம்பர் 29 அன்று பிறந்தார். அவ்வூரே அவர் பெயரின் முதலெழுத்து. வளர்ந்தது தாயின் ஊரான வத்தலக்குண்டில். கல்லூரிப் படிப்பு மதுரையில்.

மதுரைச் சீமையின் சல்லிக்கட்டை ‘வாடிவாசல்’ ஆக்கினார். மணிக்கொடியைச் சிறுகதை ஏடாக நடத்திய வத்தலக்குண்டுக்காரர் பி. எஸ். ராமையாவின் கதைகளை ஆராய்ந்து தனிநூல் எழுதினார். விடுதலைப் போரில் குதித்த தம் தலைமுறை இளைஞர்களை ‘சுதந்திர தாகம்’ நாவலில் நிலைநிறுத்தி, 1997இல், முதுமையிலும் தாமே வெளியிட்டார்.

அவர் நடத்திய பள்ளியும் ஒன்றுண்டு. அது, 1959 சனவரியில் தொடங்கி 119 இதழ்கள் வெளிவந்த ‘எழுத்து’. ந. பிச்சமூர்த்தி மூத்தவராக வீற்றிருக்க, பசுவய்யா, சி. மணி, தருமு சிவராமு, எஸ். வைத்தீஸ்வரன் முதலியோர் அங்கே உடன்பயின்றனர். 24 கவிஞர்களின் 63 கவிதைகள் கொண்ட ‘புதுக்குரல்கள்’ (1962) அவ்வகுப்பின் வருகைப் பதிவேடு எனலாம். கைப்பொருள் கரைந்தபோதும், நூல்களைத் தோளில் சுமந்து கல்லூரிதோறும் சென்று விற்றார்.

1998 டிசம்பர் 18 அன்று மறைந்தார். ‘சுதந்திர தாகம்’ நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தபோது பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர் பலரும் அப்பள்ளியின் பிற்கால வகுப்பினரே. ஆசிரியரே கட்டணம் செலுத்திப் பயிற்றிய பள்ளி அது. அவரைப் புகழ்ந்து பேசுவதோடு நம் கடன் தீராது. அவர் நூல்களைத் தேடிப் படித்தலும், நமக்குப் பின் எழுத வருவோரின் முதற்கவிதையை அச்சேற்றுதலுமே கைம்மாறு.