ராட்சத வீரர் ஆண்ட்ரே

மல்யுத்த வீரர் படம் போட்ட சீட்டை வைத்துப் பசங்க விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். உயரம், எடை அதிகம் உள்ள சீட்டு யாரிடம் இருக்கோ அவன்தான் ஜெயிப்பான். உயரத்துக்கும் எடைக்குமே உலகம் முழுக்கப் பேர் வாங்கிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பட்ட கஷ்டத்தை எந்தச் சீட்டிலும் போட மாட்டார்கள்.

ஆண்ட்ரே ரூசிமோஃப் 1946 மே 19 அன்று பிரான்ஸ் நாட்டில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெரியவர்களைவிட உயரம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வயல் வேலை பார்த்தார். அப்புறம் பாரிஸ் போய்ப் பகலில் சாமான் தூக்கும் வேலை, ராத்திரியில் மல்யுத்தப் பயிற்சி. 1970ல் ஜப்பான், அப்புறம் அமெரிக்கா. 7 அடி 4 அங்குலம், 236 கிலோ என்று விளம்பரம் செய்தார்கள். ரேஷன் கடை அரிசி மூட்டை கிட்டத்தட்ட ஐந்து! (கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார்கள்.)

ஆனால் அது சாப்பாட்டாலோ உடற்பயிற்சியாலோ வந்த உடம்பு இல்லை. வியாதி. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி சுரப்பி இருக்கிறது. பத்தாம் வகுப்பு அக்காமாருக்குத் தெரியும். அது வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரந்தால், பெரியவர் ஆன பிறகும் கை, கால், முகம் எல்லாம் பெருத்துக்கொண்டே போகும். மூட்டு தேயும். இதயமும் பெரிதாகிப் பலவீனமாகும். இதற்கு அக்ரோமெகலி என்று பெயர். டாக்டர்கள் சிகிச்சை செய்யலாம் என்றார்கள். ஆண்ட்ரே ஒத்துக்கொள்ளவில்லை. அந்த உடம்பைப் பார்க்கத்தானே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள்! எனக்கு இதைப் படித்தபோது அவர் மேல் கோபம்கூட வந்தது.

வருடத்தில் முக்கால்வாசி நாள் பயணம்தான். விமான சீட், கார், ஓட்டல் கட்டில் எதுவும் அவருக்குப் பத்தாது. வலியை மறக்க நிறையக் குடித்தார். அவருக்கு ஒரு மகள் உண்டு. அந்தப் பெண் அப்பாவை நேரில் பார்த்தது விரல் விட்டு எண்ணும் தடவைதான். வேலைக்கு வெளியூர் போன அப்பா உள்ளவர்களுக்கு இது புரியும்.

1981ல் கட்டிலில் இருந்து எழும்போதே கணுக்கால் எலும்பு உடைந்தது. ஆனால் இன்னொரு வீரர் உடைத்துவிட்டார் என்று கதை கட்டி, அதை வைத்தே பல போட்டி நடத்தினார்கள். யார் ஜெயிப்பது என்பதை முன்னாடியே முடிவு செய்துவிடும் விளையாட்டு அது. (பசங்க சண்டைக்கு வராதீங்க!) ஆனால் கீழே விழுவதும் அடிபடுவதும் நிஜம்தான்.

1986ல் முதுகில் ஆபரேஷன். அந்த வருடமே ஒரு சினிமாவில் நடித்தார். கதாநாயகி அவர் கையில் விழ வேண்டும். அவரால் தாங்க முடியாது என்று அந்த நடிகையைக் கம்பியில் கட்டி இறக்கினார்கள். 1987 மார்ச் 29 அன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பெரிய போட்டி. உடைக்குள்ளே முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு மேடை ஏறினார். ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கிப் போட்டபோது அரங்கமே அதிர்ந்தது. ஆண்ட்ரே ஒத்துழைக்காமல் அது நடந்திருக்காது. அந்த முதுகோடு விழச் சம்மதித்தாரே!

கடைசி வருடங்களில் ஜப்பானில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றபடிதான் ஆடினார். 1992 டிசம்பர் வரை விடவில்லை. 1993 ஜனவரியில் அவர் அப்பா இறந்தார். காரியத்துக்காகப் பிரான்ஸ் போனவர், 28ஆம் தேதி பாரிஸ் ஓட்டலில் தூக்கத்திலேயே இதயம் நின்று இறந்துபோனார். வயது 46தான். அமெரிக்காவில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. அஸ்தியை அங்கே கொண்டுபோய்த் தூவினார்கள்.