இயந்திரச் சிறுவனுக்கு இதயம் தந்த மருத்துவர்

விடுதியில் ஓர் இரவு, நண்பர் ஒருவர் பழைய கறுப்பு வெள்ளைச் சித்திரப்படம் ஒன்றைக் காட்டினார். 1963-ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த படம் அது. மகனை விபத்தில் பறிகொடுத்த விஞ்ஞானி ஒருவர், அதே முகமும் அதே உருவமும் கொண்ட இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். பெற்ற பிள்ளைபோல் சீராட்டுகிறார். நாட்கள் செல்கின்றன. பையனோ ஓர் அங்குலமும் வளரவில்லை. இயந்திரம் எங்ஙனம் வளரும்? வெறுப்புற்ற தந்தை அவனைச் சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிடுகிறார்.

குழந்தைகளுக்கான படம்தானே என்று சிரிக்க உட்கார்ந்த நான், அந்த இடத்தில் சிரிக்கவில்லை. பொறியியல் மாணவனாகிய எனக்கு, செய்யப்பட்ட பொருளிடம் செய்தவனுக்குக் கடமை உண்டா என்ற கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை. அக்கேள்வியை எழுப்பியவர் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர்தாம் ஒஸாமு தெஸுகா.

1928-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், ஒஸாகாவை அடுத்த தொயோநாகாவில் அவர் பிறந்தார். தகராஸுகா என்னும் ஊரில் வளர்ந்தார். தந்தை வீட்டிலேயே சிறு படக்கருவி வைத்து அமெரிக்கச் சித்திரப்படங்களைக் காட்டுவார். தாயார் மகனை நாடகங்களுக்கு அழைத்துச் செல்வார். மெலிந்த உடலும் சுருண்ட முடியும் கண்ணாடியுமாக இருந்த சிறுவனைப் பள்ளித் தோழர்கள் கேலி செய்தனர். அவன் படம் வரையத் தொடங்கியபின் கேலி அடங்கியது. அவனுக்கு உற்ற துணை பூச்சிகளே. தன் பெயரோடு பூச்சியைக் குறிக்கும் எழுத்தையும் சேர்த்துக்கொண்டான். ஒருவகை வண்டின் பெயரை நினைவூட்டும் அந்தப் புனைபெயரே இறுதிவரை நிலைத்தது.

பிறகு போர் வந்தது. மாணவர்கள் தொழிற்சாலைகளுக்கு அனுப்பப்பட்டனர். 1945-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒஸாகாவின்மீது குண்டுமழை பொழிந்தபோது தெஸுகா காவற்கோபுரத்தில் நின்றிருந்தார். அவர் பிழைத்தது தற்செயலே. யோதோ ஆற்றங்கரையில் குவிந்து கிடந்த பிணங்களை அந்தப் பதினாறு வயதுப் பிள்ளை கண்டான். அவ்வாண்டு ஏப்ரலில்தான், போர்ப் பிரசாரத்துக்கென எடுக்கப்பட்ட ஒரு நெடுஞ்சித்திரப்படத்தைக் கண்டு கண்ணீர் சிந்தி, தானும் ஒருநாள் இத்தகைய படம் எடுப்பேன் என்று உறுதி பூண்டிருந்தான். போர் முடிந்த இரவில், இருண்டு கிடந்த நகரில் மீண்டும் விளக்குகள் எரிந்ததைக் கண்டபோதே, தான் உயிரோடு இருப்பதை உணர்ந்ததாக அவர் பின்னாளில் எழுதினார். மொழி விளங்காத காரணத்தால் அமெரிக்கச் சிப்பாயிடம் அடிபட்டதையும் எழுதியிருக்கிறார். ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள இயலாத இரு கூட்டங்கள், நடுவே அடிபடும் ஓர் எளிய உயிர்: அவர் கதைகள் பலவற்றுக்கும் இதுவே வித்து.

அதே ஆண்டில் ஒஸாகாவில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். பகலில் பாடம், இரவில் சித்திரக்கதை. 1947-இல் வெளிவந்த 'புதிய புதையல் தீவு' லட்சக்கணக்கில் விற்றது. மருத்துவமா, சித்திரமா? இக்கேள்வி நம்மில் பலருக்கும் வேறு உருவில் வந்ததுதான். தெஸுகா தாயிடம் போய் நின்றார். உனக்கு எது பிடிக்கிறதோ அதைச் செய் என்றார் அந்த அம்மையார். ஆயினும் மகன் படிப்பைக் கைவிடவில்லை. 1952-இல் மருத்துவர் தேர்வில் தேறினார். 1961-இல் நத்தையின் விந்தணுக்களை ஆராய்ந்து நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஆனால் மருத்துவத் தொழில் நடத்தவில்லை.

உயிரின் நுட்பத்தை நுண்பெருக்கியில் கண்ட அவர், உயிரற்றதற்கு உயிர் தந்தால் என்ன ஆகும் என்று தாளில் ஆராய்ந்தார். 1949-இல் வந்த 'மெட்ரோபொலிஸ்' கதையில், தான் மனிதப் பிறவி அன்று என அறிந்த செயற்கை உயிர், மனிதர்மேல் சீறி எழுகிறது. 1951-இல், ஹிரோஷிமா அழிந்து ஆறே ஆண்டுகளில், 'அதோம்' பிறந்தான். அணு என்பதே அப்பெயரின் பொருள். பின்னர் அமெரிக்காவில் அவனையே 'ஆஸ்ட்ரோ பாய்' என்றனர். முதற்கதையில் அவன் வீரன் அல்லன், தூதன். பகைத்து நிற்கும் இரு மக்கட்கூட்டங்களிடையே, எக்கூட்டத்தையும் சேராத இயந்திரச் சிறுவனே சமாதானம் பேசுகிறான். பிற்காலக் கதைகளில் இயந்திரங்கள் ஏசப்படுகின்றன, உரிமைக்குப் போராடுகின்றன, மனிதரால் உடைத்தெறியப்படுகின்றன. விஞ்ஞானத்தின் புகழ்ப்பாட்டாகவே மக்கள் அதோமைக் கொண்டாடியது தெஸுகாவுக்கு வருத்தமே தந்தது. அவர் காட்ட விரும்பியது மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் இடையே உள்ள பிளவு அன்றோ!

1963 ஜனவரி முதல் நாள் அதோம் தொலைக்காட்சிக்கு வந்தான். வாரந்தோறும் அரைமணி நேரச் சித்திரப்படம் எடுப்பது இயலாது என்றனர் பலர். தெஸுகா ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார். உருவம் அசையாது நிற்கும், வாய்மட்டும் அசையும். ஒருமுறை வரைந்த காட்சியைச் சேமித்து வைத்து மறுபடியும் பயன்படுத்துவார். 1966 இறுதிவரை 193 படங்கள் வந்தன. இன்று அனிமே என்று உலகம் போற்றும் தொலைக்காட்சிக் கலைக்கு அதுவே வழி வகுத்தது.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்க என் மனம் ஒப்பவில்லை. தொடரைக் கைநழுவ விடக்கூடாது என்று, அடக்க விலைக்கும் குறைவாகவே அவர் அதை விற்றார். அவருடைய 'முஷி' நிறுவனத்தின் இளம் ஓவியர்கள் இரவு பகலாக உழைத்தனர். அங்கே வேரூன்றிய குறைந்த விலையே பிற்காலத்துச் சித்திரத் தொழிலாளரின் குறைந்த கூலிக்கும் ஒரு காரணம் என்று இன்றும் குறை கூறுவோர் உண்டு. இயந்திரத்தை மனிதனாக மதிக்கச் சொன்னவர், மனிதரை இயந்திரம்போல் உழைக்க விட்டாரே! அவரும் உறங்காமல் உழைத்தார் என்பது மெய்; ஆனால் அது விடையாகாது. 1973-இல் அந்நிறுவனம் திவாலாயிற்று.

தெஸுகாவின் காலம் முடிந்தது என்றார்கள். அவ்வாண்டே 'பிளாக் ஜாக்' தொடங்கியது. அனுமதிப் பத்திரம் இல்லாத அறுவை மருத்துவன் ஒருவனின் கதை அது. ஒரு பெண்ணின் உடலுக்குள் பதினெட்டு ஆண்டுகள் கட்டியாய்க் கிடந்த இரட்டைப் பிறவியின் உறுப்புகளை எடுத்துச் செயற்கை உடலில் பொருத்தி, 'பினோகோ' என்னும் சிறுமியை அவன் உருவாக்குகிறான். அவளும் வளராதவள். ஆனால் அவன் அவளை விற்கவில்லை. வீட்டிலே வைத்துக் காக்கிறான். அதோமின் தந்தை செய்த பிழைக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட பரிகாரம் என்றே இதை நான் படித்தேன்.

நம் நாட்டுக்கும் அவர் கடன்பட்டவர். 1972 முதல் 1983 வரை புத்தர் பெருமானின் வாழ்வைப் பெருஞ் சித்திரக்கதையாக வரைந்தார்.

1989 பிப்ரவரி 9-ஆம் நாள், அறுபதாம் வயதில், வயிற்றுப் புற்றுநோயால் மறைந்தார். மருத்துவராகிய அவருக்கே நோயின் பெயரைச் சொல்லாமல் மறைத்திருந்தனர். மருத்துவமனைப் படுக்கையிலும் வரைந்துகொண்டே இருந்தார். அவர் விட்டுச் சென்றவை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பக்கங்கள். முடிவுறாத கதைகள் சில. கதைப்படி அதோம் பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. அந்நாள் வந்தபோது, நீஸா என்னும் நகரம் அவனைத் தன் குடிமக்கள் பதிவில் சேர்த்துப் பெருமை கொண்டது.

தோழர்களே! சிந்திக்கும் இயந்திரங்களைச் செய்யும் தொழிலுக்கே நம்மில் பலர் போகப் போகிறோம். அவ்வியந்திரம் மனிதனாகுமா என்று விவாதிக்கிறோம். தெஸுகாவின் படைப்பும் வாழ்வும் எனக்கு வேறொன்றைக் கேட்கக் கற்பித்தன. அதைச் செய்பவன் மனிதனாகவே இருப்பானா? தான் செய்ததைக் கைவிடாமலும், தன்னோடு உழைத்தவரை மறவாமலும் இருப்பானா? முதற்பாதியை அவர் கதைகள் சொல்லின. மறுபாதியை அவர் தவறு சொல்லிற்று. இரண்டுக்கும் நான் நன்றியுடையேன்.