கரும்பின் உயிரணுவைப் படித்தவர்

நுழையும்முன்

கண்ணுக்குப் புலப்படாத உயிரணு ஒன்று இரண்டாகப் பிரிவதில்தான் விதை மரமாவதும் மழலை வளர்வதும் அடங்கியுள்ளன. அப்பிரிவை நுண்ணோக்கியின் வழியே வாழ்நாளெல்லாம் நோக்கியிருந்த பெண் அறிவியலாளர் ஒருவரின் வரலாறு இப்பாடம்.

கரணையும் விதையும்

தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் கரும்பு நடும் உழவர் விதையைத் தேடுவதில்லை. கணுவோடு கூடிய கரணையை மண்ணில் பதிக்கிறார். கணுவிலுள்ள பருவின் உயிரணுக்கள் வளர்ந்து, பிரிந்து, மீண்டும் பிரிந்து முழுக்கரும்பாகின்றன. பிரியுமுன் உயிரணு தன் குரோமோசோம்களைப் படியெடுத்துக்கொள்கிறது. பின்னர், கதிர்கோல் இழைகள் அப்படிகளைப் பிரித்து இரு முனைகளுக்கும் இழுத்துச் செல்கின்றன. மைட்டாசிஸ் எனப்படும் இப்பிரிவினால் தாய்க்கரும்பின் இயல்பு சேயிலும் மாறாது அமைகிறது.

ஆனால், புதிய கரும்பு வகை வேண்டுமெனில் கரணை போதாது. பூவும் மகரந்தமும் கூடி விதை உண்டாக வேண்டும். அதற்கு முன்னோடியாக, குரோமோசோம்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் மியாசிஸ் நிகழ்கிறது. இவ்விருவகைப் பிரிவுகளிலும் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தவர் ஜானகி அம்மாள்.

கல்வியே துணை

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில், 1897 நவம்பர் 4 அன்று ஜானகி அம்மாள் பிறந்தார். பெண்களுக்குத் திருமணமே வாழ்வெனக் கருதப்பட்ட காலத்தில் அவர் கல்வியைத் தேர்ந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்று, 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

கோவையில்

1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியேற்றார். பயிரிடப்படும் இன்கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள்ளன. ஆற்றங்கரையில் தானே வளரும் காட்டுக்கரும்பிலோ அவ்வெண்ணிக்கை 40 முதல் 128 வரை வேறுபடுகிறது. இன்கரும்பு இனிமையைத் தரும். காட்டுக்கரும்பு வலிமையைத் தரும். இரண்டின் கலப்பில் எத்தனை குரோமோசோம்கள் எப்பக்கத்திலிருந்து வந்தன என்பதறிந்தால்தான் கலப்பின் போக்கு விளங்கும். அந்நுட்பத்தை ஆராய்ந்த அவர், கரும்பை மக்காச்சோளத்தோடும் கலந்து, அக்கலப்பைப் பற்றி 1938இல் ஆய்வுரை வெளியிட்டார். ஆடவரே நிறைந்த ஆய்வுலகில், தனித்து வாழ்ந்த பெண்ணாக அவர் தளராது பணியாற்றினார்.

போர்க்காலப் பணி

1939இல் மரபியல் மாநாட்டிற்காக எடின்பரோ சென்றபோது உலகப்போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கினார். இலண்டன்மீது குண்டுகள் விழுந்த நாள்களிலும் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் ஆய்வு தொடர்ந்தது. 1945இல், டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டார். பின்னர் விஸ்லி தோட்டத்தில், மக்னோலியா நாற்றுகளைக் கால்சிசின் என்னும் வேதிப்பொருளால் பதப்படுத்தினார். அங்குள்ள ஒரு மக்னோலியா வகை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தெரிந்து தெளிவோம்

கால்சிசின், கதிர்கோல் இழைகள் உருவாவதைத் தடுக்கிறது. அதனால் படியெடுக்கப்பட்ட குரோமோசோம்கள் பிரிய இயலாமல் ஒரே உயிரணுவில் தங்கி, இருமடங்காகின்றன. நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் கால்சிசின் உள்ளது. அது நச்சுத்தன்மை உடையது.

தாயகம் திரும்புதல்

1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பேற்றார். 1977இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னையை அடுத்த மதுரவாயலில் முதுமையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, எண்பது வயதைக் கடந்த அவரும் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். கலப்பினத்திற்கு வலிமை தருவது காட்டுத்தாவரமே என்பதை அவர் கரும்பிலேயே கண்டிருந்தார். காடு அழிந்தால் அவ்வலிமையை எங்கிருந்து பெறுவது?

1984 பிப்ரவரி 7 அன்று அவர் மறைந்தார். அதே ஆண்டின் நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. கரும்பு விளையும் வயலும் காப்பாற்றப்பட்ட காடும் அவர்தம் உழைப்பின் பெருமையை நமக்கு உணர்த்துகின்றன.