ஐயரவர்களின் இசைப்பற்று

தமிழ்த் தாத்தா என்று நாடு போற்றும் டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழைய ஏட்டுச்சுவடிகளைத் தேடி அச்சேற்றிய பெரியார் என்பதனை மாணவர் யாவரும் அறிவர். அவர் உள்ளத்தில் இளமையிலேயே இடங்கொண்ட மற்றொரு கலை இசை என்பதனை அறிந்தோர் சிலரே.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் சோழநாட்டுப் பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் தோன்றினார். (பொருநைக் கரையிலுள்ள பாபநாசம் வேறு.) தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையத்தில் புகழுடன் விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் இசை பயின்றவர். அவர் ஊர்தோறும் சென்று அருணாசலக் கவிராயரின் கீர்த்தனங்களைப் பாடி இராமாயணப் பிரசங்கம் செய்வார். அதனால் வரும் சிறு வருவாயே குடும்பத்தைக் காத்தது. இத்தகைய இல்லத்தில் வளர்ந்த சிறுவருக்குப் பாட்டு இயல்பாகவே வந்தது. மகனும் இசைவல்லுநராக வேண்டும் என்பது தந்தையாரின் ஆவல். மகன் மனமோ தமிழ் நூல்களை நாடியது.

1871-இல் மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராக அமர்ந்தார். நந்தன் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் அக்காலத்தில் அவ்வூரில் இருந்தார். தந்தையார் விரும்பியவாறு பாரதியாரிடம் இசைப்பயிற்சியும் தொடங்கியது. இச்செய்தி பிள்ளையவர்கள் செவிக்கு எட்டியது. இசையில் மனம் படிந்தால் இலக்கியக் கல்வி தளரும் என்பது அவர் கருத்து. ஆசிரியர் உள்ளக் குறிப்பை உணர்ந்த மாணவர் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். தந்தையின் விருப்பம் ஒருபுறம், ஆசிரியரின் கருத்து மறுபுறமாக நின்ற அந்நிலையில், பதினாறு பதினேழு வயது இளைஞர் ஒருவருக்கு இது எளிய துறவு அன்று. எனினும் அத்துறவின் பயனாகவே தமிழ்நாடு பின்னாளில் சிந்தாமணியையும் புறநானூற்றையும் பெற்றது.

இசை அவரை விட்டு அகலவில்லை. திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகர் முன்னிலையில் மகா வைத்தியநாதையர் பாடக் கேட்டு மகிழ்ந்தார். அம்மடத்தில் அவரிடம் பாடங்கேட்டோருள் ஒருவர் அண்ணாமலை ரெட்டியார். வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே, சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்து, கழுகுமலை முருகன்மீது காவடிச்சிந்து பாடி, இளமையிலேயே மறைந்த கவிஞர் அவரே. அச்சிந்தின் மெட்டு தென்பாண்டிச் சிற்றூர்களுக்கெல்லாம் பழக்கமானது.

1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரான பின்பு ஏட்டாராய்ச்சியே ஐயரவர்களின் வாழ்க்கையாயிற்று. 1892-இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் வெளியிட்டார். அரங்கேற்று காதையின் உரை முழுதும் பண்ணும் யாழும் தாளமும் பற்றிய அரிய செய்திகள். மறைந்துபோன இசைநூல்களின் பெயர்களும் ஆங்கே கிடைத்தன. தென்காசிப் பகுதியிலுள்ள சாம்பவர்வடகரையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர், 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் என்னும் இசைப்பெருநூலில் சிலப்பதிகார இசைமுறையை விரிவாக ஆராய்ந்தார். பயிற்சியைக் கைவிட்ட மாணவர், தாம் அறியாமலே இசையாராய்ச்சிக்கு வாயில் திறந்துவிட்டார் எனலாம்.

1919-இல் சென்னை மாநிலக் கல்லூரியினின்று ஓய்வு பெற்றார். பதிப்பு வேலை ஓயவில்லை. ஆயினும் முதுமையில் அவர் மனம் பழைய பாட்டின்பால் திரும்பியது. எண்பது வயதைக் கடந்தபின், 1936-ஆம் ஆண்டில், கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகிய மூவர் வரலாறுகளையும் எழுதினார். ஒருவர் தந்தையின் ஆசிரியர்; ஒருவர் தமக்கே சிலகாலம் ஆசிரியராயிருந்தவர்; ஒருவர் தாம் நேரிற் கேட்டு வியந்த பாடகர். ஒலிப்பதிவுக் கருவி பரவாத காலத்தில் வாழ்ந்த இசைவாணர் பாட்டு, கேட்டவர் நினைவோடு அழிந்துபோவது. அந்நினைவுடையோர் ஒவ்வொருவராய் மறைந்துவந்த காலத்தே, தந்தையார் வாய்மொழியாகக் கேட்டனவற்றையும் தாமே கண்டனவற்றையும் ஐயரவர்கள் ஏட்டிற் பொறித்தார். கனம் கிருஷ்ணையரின் பாடல்கள் பலவற்றையும் உடன் வெளியிட்டார். ஓலைகளினின்று நூல்களை மீட்ட கை, இம்முறை நினைவினின்று பாட்டை மீட்டது. இம்மூன்று வரலாறுகளும் பின்னர்ச் சங்கீத மும்மணிகள் என ஒரு நூலாயின.

அதன்பின் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். உடையார்பாளையத்து இசையும், தந்தையாரின் இராமாயணப் பாட்டும், மாயூரத்தில் நின்றுபோன பாடமும் அதிலும் இடம்பெற்றன. அவ்வரலாறு முற்றுப்பெறுமுன், 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், திருக்கழுக்குன்றத்தில் அவர் இயற்கை எய்தினார்.