ஒரு துளி ரத்தமும் டாக்டர் சுப்பாராவும்

நம் நகரில் பல வீடுகளில் இன்று சர்க்கரை பார்க்கும் கருவி இருக்கிறது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் வைத்தால் எண் வந்துவிடும். பட்டையில் உள்ள நொதிதான் அந்த வேலையைச் செய்கிறது. இதை 'உயிரி உணரி' என்கிறார்கள். இத்தகைய கருவிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, கொஞ்சம் ரத்தத்தில் உள்ள கொஞ்சம் பொருளை அளக்க வழி கண்டவர் ஒருவர் நம் சென்னையில் படித்தவர். அவர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். (பரீட்சை முடிவு நாளில் இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.) பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கே காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்து அறுவைக் கூடத்துக்குப் போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அந்த நாட்களில்தான் ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய் அவருடைய சகோதரர்கள் இருவரையும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோனது. அதற்கு மருந்தே இல்லாத காலம்.

சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, மாமனாரின் உதவியோடும் அறக்கட்டளை ஒன்றின் உதவியோடும் 1922-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. வயிற்றுப்பாட்டுக்கு ஆஸ்பத்திரியில் இரவு ஊழியம். மனைவியை ஊரில் விட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. அவர் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கிறது.

1925-ல் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று கண்டுபிடிக்கும் முறையை வெளியிட்டார். மாலிப்டேட் கரைசல் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். எலும்பு நோய், சிறுநீரகக் கோளாறு இவற்றைக் கண்டறிய இது உதவியது. பல தலைமுறை லேப் மாணவர்கள் 'ஃபிஸ்க்–சுப்பாராவ்' பெயரைச் சொல்லியே படித்தார்கள்.

தசைச் சாற்றை வைத்துப் பார்த்தபோது மட்டும் நீலம் உடனே வராமல் மெதுவாக ஏறிக்கொண்டே போனது. வேறு யாராவது என்றால் சோதனை சரியில்லை என்று கொட்டியிருப்பார்கள். இவர்கள் ஏன் என்று தேடினார்கள், பாஸ்போகிரியாட்டின் கிடைத்தது. 1929-ல் உடம்பின் எரிசக்தியான ஏ.டி.பி.யையும் பிரித்தெடுத்தார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் லோமனும் தனியாக அதைக் கண்டார். இன்று உணவுத் தொழிற்சாலைகளில் மேஜையைத் துடைத்துக் கருவியில் வைத்துச் சுத்தம் பார்க்கிறார்களே, அந்தக் கருவி தேடுவது இந்த ஏ.டி.பி.யைத்தான். மின்மினிப் பூச்சியின் நொதி பட்டதும் அது ஒளி விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அவர் நடத்திய ஆய்வுக்குழு 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரும் மாத்திரையில் இருப்பது அதுதான். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அதுவே மருந்தானது.

நமக்கு இன்னும் நெருக்கமானது ஹெட்ராசான், அதாவது டி.இ.சி. மாத்திரை. யானைக்கால் நோய்க்கான இந்த மருந்து 1947-ல் அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. பக்கிங்காம் கால்வாயும் தேங்கிய சாக்கடையும் கொசுவும் உள்ள நம் பகுதிக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. இந்த நோயின் நுண்புழு பகலில் உள்ளுறுப்புகளில் ஒளிந்துகொள்ளும். இரவில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். அதனால்தான் சுகாதார ஊழியர்கள் ராத்திரி நேரத்தில் வந்து விரலில் ரத்தம் எடுக்கிறார்கள். இந்த நேரத்தில் என்ன வேலை என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு விரலை நீட்டுங்கள்.

1948 ஆகஸ்டில், 53 வயதில், தூக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. டெட்ராசைக்ளின் வகையில் முதலாவதான ஆரியோமைசின் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. 1995-ல் நம் அஞ்சல் துறை அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது.