எண்ணி நடந்த பண்டிதர்

உத்தரகண்ட் மாநிலத்தில் முன்சியாரியிலிருந்து கோரி கங்கை ஆற்றை ஒட்டி வடக்கே ஒரு பழைய மலைப்பாதை செல்கிறது. லீலம், ரில்கோட், மர்தோலி எனச் சிற்றூர்களைக் கடந்து பல நாள் நடந்தால் மிலம் என்னும் ஊரை அடையலாம். அங்கு வாழ்ந்த சௌகா மக்கள் கோடையில் மேலேறி வந்து குடியிருப்பர்; குளிர் தொடங்கியதும் கீழிறங்கிவிடுவர். தானியத்தையும் துணியையும் சுமந்து கணவாய்களைக் கடந்து திபெத்துக்குச் சென்று, உப்பும் கம்பளியும் வாங்கி வருவது அவர்தம் தொழில். அவ்வூரில் 1830ஆம் ஆண்டு பிறந்தவர் நைன் சிங் ராவத்.

திபெத்திய மொழியை அவர் இளமையிலேயே கற்றார். ஷ்லாகின்ட்வைட் சகோதரர்கள் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர்களுடன் பயணம் செய்தபோது அளவைக் கருவிகளும் அறிமுகமாயின. பின்னர் மிலம் பள்ளியில் ஆசிரியரானார். ஆசிரியரைப் பண்டிதர் என அழைப்பது அப்பகுதி வழக்கம். அச்சொல்லே பிற்காலத்தில் அவருக்கு மறைபெயராயிற்று.

அந்நாளில் திபெத் ஐரோப்பியருக்குத் தன் வாயிலை அடைத்திருந்தது. நில அளவைத் துறையின் அதிகாரி மாண்ட்கோமரி, மலைமக்களை வணிகராகவும் யாத்திரிகராகவும் அனுப்பி அந்நாட்டை அளக்க எண்ணினார். 1863இல் நைன் சிங்கும் அவருடைய உறவினர் மணி சிங்கும் டேராடூனில் பயிற்சிக்குச் சேர்ந்தனர்.

பயிற்சியின் உயிர்நாடி நடையே. மேட்டில் ஏறினும் பள்ளத்தில் இறங்கினும் ஒவ்வொரு காலடியும் ஒரே நீளமாக விழவேண்டும். ஏறக்குறைய 2000 காலடிகள் ஒரு மைல். கையிலிருந்த செபமாலையில் வழக்கமான 108 மணிகளுக்கு மாற்றாக 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி நகர்ந்தது; மாலை ஒரு சுற்று முடிந்தால் ஐந்து மைல். பௌத்தர் சுழற்றும் வேண்டுதல் உருளைக்குள் மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்புத்தாள் இருந்தது. ஊன்றுகோலுக்குள் வெப்பமானி ஒளிந்திருந்தது. உயரம் கூடக்கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் என்பதை நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். லாசா நகரின் உயரத்தில் நீர் சுமார் 88 பாகை செல்சியஸிலேயே கொதிக்கும். தேநீருக்கு நீர் காய்ச்சும் எளிய வேலையே அவருக்கு மலையின் உயரத்தைக் கூறிவிடும்!

1865இல் இருவரும் புறப்பட்டனர். மணி சிங் இடையில் திரும்பிவிட, நைன் சிங் நேபாளம் வழியாகத் திபெத்தினுள் புகுந்து, 1866 சனவரியில் லாசாவை அடைந்தார். கைப்பொருள் கரைந்தது. அங்கிருந்த நேபாள வணிகருக்குக் கணக்கு முறை கற்பித்துப் பிழைத்தார். மாறுவேடத்திலும் ஆசிரியத் தொழில் அவரைக் கைவிடவில்லை. காஷ்மீர வணிகர் இருவர் அவரை இன்னாரென அறிந்துகொண்டனர். அவர்கள் வாய் திறந்திருந்தால் அவர் உயிர் தப்பியிருக்காது. அவர்களோ அவருடைய கடிகையைப் பிணையாகப் பெற்றுக்கொண்டு கடன் கொடுத்தனர். இரவில் விண்மீன்களை நோக்கி லாசாவின் இருப்பிடத்தைக் கணித்தபின், சாங்போ ஆற்றை ஒட்டி மேற்கே மானசரோவர் வரை நடந்து அவ்வாண்டு அக்டோபரில் டேராடூன் திரும்பினார். சுமார் 1200 மைல். ஏறத்தாழ 25 லட்சம் காலடிகள்!

அவ்வரைபடத்தை ஆங்கிலேயர் தம் பேரரசின் எல்லை நலனுக்காகவே நாடினர் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் எவரும் உடனிருந்து சரிபார்க்க இயலாத பனிவெளியில், ஒரு மணியைக்கூடப் பொய்யாக நகர்த்தாத அவருடைய நேர்மை அவருக்கே உரியது.

1867இல் தோக் ஜாலுங் பொன் சுரங்கப் பகுதிக்குச் சென்று வந்தார். 1874 சூலையில் லே நகரிலிருந்து தம் இறுதிப் பெரும்பயணத்தைத் தொடங்கினார். மூட்டைகளை ஆடுகள் சுமந்தன. லாசாவில் தம்மை அறிந்தோர் கண்ணில் படலாம் என அஞ்சி இரண்டு நாளிலேயே வெளியேறித் தென்கிழக்கே திரும்பினார். திசம்பரில் தவாங்கை அடைந்தபோது அங்கே தடுத்து நிறுத்தப்பட்டார். வாரங்கள் பல கழிந்தபின்னரே விடுவிக்கப்பட்டார். 1875 மார்ச் 1 அன்று அசாமின் உதால்குரியில் மலையைவிட்டுச் சமவெளியில் கால் வைத்தார்.

அப்பயணம் அவருடைய உடல்நலத்தையும் கண்பார்வையையும் குலைத்தது. பல்லாண்டு அறிக்கைகளில் பண்டிதர் என்று மட்டுமே குறிக்கப்பட்டவருக்கு, இலண்டன் அரச புவியியல் கழகம் 1877இல் தங்கப் பதக்கம் வழங்கியது. இந்திய அரசு 2004இல் அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. மிலத்தின் திபெத்திய வணிகமோ 1962ஆம் ஆண்டுப் போருடன் நின்றுபோயிற்று. அங்குள்ள கல்வீடுகளுள் பல இன்று கூரையின்றி நிற்கின்றன.